நோக்கம் என்ற கட்டம்

வங்கி ஊழியன் வெளிநாடு போவதானால் முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். அதற்கொரு படிவம் உண்டு. நாடு: தாய்லாந்து. ஊர்: புக்கெட். உடன் வருபவர்: யாருமில்லை. செலவுக்குப் பணம்: சொந்தச் சேமிப்பு. இவ்வளவும் தடையில்லாமல் எழுதிவிட்டேன். அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. 'பயணத்தின் நோக்கம்'. படிவம் பத்து நாட்கள் மேஜை இழுப்பறையில் கிடந்தது.

ஆபீஸில் யாருக்கும் இந்தச் சந்தேகம் இல்லை. முப்பத்தைந்து வயதில், கல்யாணமாகாமல், தனியாக புக்கெட் போகிறவனுக்கு என்ன நோக்கம் இருக்க முடியும்? தலைமைக் காசாளர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சார், மசாஜுக்கா?" என்றார். பதோங் கடற்கரைக்குப் பின்னால் இருக்கும் பங்க்ளா தெருவை அவர் என்னைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார், போகாமலே. ஊழியர் சங்கத்தில் இருக்கும் இன்னொரு பெரியவருக்கு வேறு வருத்தம். விடுப்புப் பயணச் சலுகையில் உள்நாட்டு ஊர் ஒன்றைச் சேருமிடமாகக் காட்டிவிட்டு, வழியில் வெளிநாடு பார்த்து வந்த காலம் போயிற்றே என்பது. டில்லியிலிருந்து மதுரைக்கு கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர் வழியாகப் போன பயணத்திற்கெல்லாம் வருமான வரி விலக்கு கிடையாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நம் மத்தியதர வர்க்கத்தின் கற்பனை முழு வீச்சில் செயல்பட்ட ஒரே துறை அதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

அம்மாவிடமும் நண்பர்களிடமும் நான் சொன்னது வேறு. கல்வெட்டு பார்க்கப் போகிறேன் என்றேன். முழுப் பொய் இல்லை. புக்கெட் தீவிலிருந்து பாலம் கடந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் வடக்கே போனால் தக்குவா பா என்ற ஊர். அங்கே ஒரு குன்றில் உடைந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நங்கூரைச் சேர்ந்த ஒருவன் வெட்டிய குளத்தைப் பற்றிப் பேசுகிறது. குளத்தின் பெயர் அவனிநாரணம். அதைக் காக்கும் பொறுப்பு மணிக்கிராமத்து வணிகர்களுக்கும் சேனாமுகத்தாருக்கும். அவனிநாரணன் என்பது மூன்றாம் நந்திவர்மனின் விருதுப் பெயர். நந்திக் கலம்பகம் அவனை மல்லைக்கும் மயிலைக்கும் தலைவனாகப் பாடுகிறது. மயிலைக்காரனான நான், எங்கள் ராஜா பெயரில் கடலுக்கு அப்பால் வெட்டிய குளத்தைத் தேடிப் போகிறேன் என்றால் யார் குறை சொல்ல முடியும்? அம்மாவுக்குப் பெருமை. எதிர்வீட்டு மாமியிடம், "அவன் ஆராய்ச்சிக்குப் போறான்" என்று சொல்லியாயிற்று.

ஆனால் தக்குவா பாவுக்குப் போய்வர ஒரு பகல் போதும். நான் எடுக்கப் பார்க்கும் விடுப்பு ஏழு நாள். மிச்சத்தை எந்த மன்னன் கணக்கில் எழுதுவது? இதே பத்திரிகையில் சில இதழ்களுக்கு முன்னால், நண்பர் ஒருவரின் கவிதைத் தொகுப்பைப் பற்றி எழுதும்போது, தன் அனுபவத்தை நேராகப் பார்க்கத் துணிவில்லாதவர்தான் புராணத்தையும் சங்கத்தையும் முன்னால் நிறுத்திக்கொள்கிறார் என்று கொஞ்சம் மிடுக்காகவே எழுதியிருந்தேன். நண்பர் மூன்று மாதம் பேசவில்லை. இப்போது என் படிவத்தை அவரிடம் காட்டினால் என்ன சொல்வார் என்று தெரியும்.

கல்வெட்டே என்னைக் காட்டிக்கொடுத்தது. தக்குவா பாவைப் பற்றித் தேடப் போக, வந்ததெல்லாம் வேறு செய்தி. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தில் மிக மோசமாக அடிபட்ட கரை அதுதான். காவோ லக்கில் ஒரு போலீஸ் ரோந்துப் படகு, கடலிலிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் உள்ளே கொண்டுவந்து போடப்பட்டதை அப்படியே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். தக்குவா பாவில் யான் யாவ் என்ற பௌத்தக் கோயிலின் வளாகம் வாரக்கணக்கில் சடலங்களை அடையாளம் காணும் இடமாக இருந்தது. அந்த நாட்டில் இறந்தவர்கள் 5000க்கு மேல். ஏறத்தாழப் பாதிப் பேர் விடுமுறைக்கு வந்த வெளிநாட்டவர்.

சுமத்ரா பக்கத்தில் புறப்பட்ட ஒரே அலை. கிழக்கே கடல் முதலில் உள்வாங்கியது. வெறிச்சென்று கிடந்த தரையைப் பார்க்க ஜனங்கள் இறங்கிப் போனார்கள். மேற்கே நம் கரையில் முதலில் ஏறிவந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, அரையாண்டு விடுமுறை. பட்டினப்பாக்கம் மணலில் எங்களுக்குக் கிரிக்கெட். நான் போகவில்லை. முந்தின இரவு ஏதோ ஒரு நாவலை முடிக்க விழித்திருந்து தூங்கிவிட்டேன். எந்த நாவல் என்பதும் இன்று நினைவில்லை. இடது கையால் பந்து வீசும் சீனிவாசபுரத்துப் பையன் ஒருவன் எங்கள் அணியில் இருந்தான். அவன் எப்போதும் எல்லாருக்கும் முன்னால் போய் ஸ்டம்ப் நட்டு வைப்பான். அன்றும் போயிருந்தான்.

அதற்குப் பிறகு நான் கடலில் கால் நனைத்ததில்லை. இதை ஒரு விரதமாக எடுத்துக்கொள்ளவில்லை, அப்படி ஆகிவிட்டது. வீட்டிலிருந்து கடல் பதினைந்து நிமிஷ நடை. இலக்கிய நண்பர்கள் கூடுவது பெசன்ட் நகர் கடற்கரையில், 1930இல் ஒருவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய டேனிஷ் மாலுமி ஷ்மிட்டின் நினைவு மண்டபத்துக்குப் பக்கத்தில். நான் எப்போதும் சாலையோரமாக உட்காருகிறவன். யாரும் காரணம் கேட்டதில்லை. நம் நவீன கவிதையிலும் கடல் என்றால் மரணம் அல்லது முடிவின்மை. அதில் யாரும் குளிப்பதில்லை. ஆகவே என் ஒதுக்கம் ஒரு தத்துவ பாவனையாகச் செல்லுபடியாகி வந்திருக்கிறது.

பதோங்கின் வீடியோக்களை ஆறு மாதமாகப் பார்க்கிறேன். பீர்ப் புட்டிகள், காதைப் பிளக்கும் சங்கீதம், பாராசூட்டைக் கட்டிக்கொண்டு பறக்கிறவர்கள், தொப்பையைக் காட்டிக்கொண்டு அலையில் விழுந்து சிரிக்கும் கிழவர்கள். அந்தக் கடற்கரையையும் அதே அலை அடித்தது. முதலில் எனக்கு வந்தது அருவருப்பு. விமர்சகனுக்கு எளிதாக வருவது அது. எப்படி இவர்களால் முடிகிறது என்று கேட்டேன். சில நாள் கழித்து அதே கேள்வி வேறு தொனியில் வந்தது. பட்டினப்பாக்கத்து மீனவர்கள் கடலுக்குத் திரும்பியது பிழைப்பின் நிர்ப்பந்தம். உல்லாசப் பயணிக்கு நிர்ப்பந்தம் எதுவும் இல்லை. அவன் வெறும் சந்தோஷத்துக்காகத் திரும்பி வந்திருக்கிறான். இது மறதியா, ஆரோக்கியமா என்பதை மயிலாப்பூரில் உட்கார்ந்துகொண்டு தீர்மானிக்க எனக்கு யோக்யதை இல்லை. என் துக்கத்தில் எவ்வளவு துக்கம், எவ்வளவு பழக்கம் என்பதும் எனக்கே தெரியவில்லை.

விஷயம் தெரிந்த நண்பர் ஒருவர், தனியாகப் போகிறவனுக்கு வடக்கே நாய் யாங் பக்கம்தான் சரி, அமைதியாக இருக்கும் என்றார். அமைதி எனக்கு இங்கேயே நிறைய இருக்கிறது. பதோங்கிலேயே, கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி அறை பார்த்திருக்கிறேன். ஒருவர் தங்கினாலும் இருவர் தங்கினாலும் வாடகை ஒன்றே. கூட யாராவது வந்தால் நான் கரையில் நின்று பேசத் தொடங்கிவிடுவேன், அவரும் கேட்டுக்கொண்டிருப்பார். தெரியாதவர்களுக்கு நடுவில் முழங்கால் வரை இறங்கவாவது முடியும் என்று நினைக்கிறேன். நீச்சல் தெரியாது. மே முதல் அக்டோபர் வரை அங்கே தென்மேற்குப் பருவக்காற்று. கடல் முரண்டு பிடிக்கும், சிவப்புக் கொடி நட்டுவிடுவார்கள். மார்ச்சில் ஆண்டுக் கணக்கு முடிப்பு, விடுப்பு கிடைக்காது. மிஞ்சுவது பிப்ரவரி.

வெள்ளிக்கிழமை படிவத்தை எடுத்து, நோக்கம் என்ற இடத்தில் 'கடலில் குளிக்க' என்று எழுதினேன். மானேஜர் படித்துப் பார்த்து, "சார், 'சுற்றுலா'ன்னு போட்டுடுங்க, மேலே கேள்வி கேட்பாங்க" என்றார். அடித்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

மாலையில் தி. நகர் போய், நீரில் நனைந்தால் சீக்கிரம் காயும் என்று கடைப்பையன் சத்தியம் செய்த அரைக்கால் சட்டை ஒன்று வாங்கி வந்தேன். அம்மா அதைப் பிரித்துப் பார்த்து, "கல்வெட்டு பார்க்க இதுவாடா?" என்றாள். கடலுக்கு என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சட்டையை மறுபடி மடித்து வைத்துவிட்டு, இடுப்பில் நாடா இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது. ஆனால் ஒரு அளவு பெரிது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்றியாக வேண்டும்.