பெற்றோரின் அலட்சியம்

சனிக்கிழமை காலைகளில் ஜாசினில் ஒரு கோயில் மண்டபத்தில் படிவம் ஐந்து மாணவர்கள் ஒன்பது பேருக்குத் தமிழ்க் கட்டுரை சொல்லிக்கொடுக்கிறேன். நான் தமிழாசிரியன் இல்லை. டுரியான் துங்கலில் பொறியியல் படித்துவிட்டு பத்து பெரண்டாமில் தொழிற்சாலை வேலை பார்ப்பவன். எஸ்.பி.எம். தமிழில் ஏ எடுத்தவன் என்பதுதான் என் தகுதி.

ஏ எடுக்கும் வித்தை சுலபம். சிக்கல் எதுவானாலும் காரணம் மூன்று: பெற்றோரின் அலட்சியம், தீய நண்பர்களின் சகவாசம், ஊடகங்களின் தாக்கம். தீர்வும் மூன்று: பெற்றோர் கண்காணிக்க வேண்டும், பள்ளி தன்முனைப்பு முகாம் நடத்த வேண்டும், அரசாங்கம் கடுமையான சட்டம் கொண்டுவர வேண்டும். நடுவில் ஒரு பழமொழி. குண்டர் கும்பலுக்கும் போதைப்பொருளுக்கும் இதே சட்டைதான்.

ஒருநாள் பள்ளிக்கு மட்டம் போடும் மாணவர்களைப் பற்றி எழுதச் சொன்னேன். ஒரு மாணவி முதல் காரணமாக இப்படி எழுதியிருந்தாள்: பெற்றோர் பணம் சம்பாதிப்பதிலேயே குறியாக இருந்து பிள்ளைகளைக் கவனிக்கத் தவறுகின்றனர். அவளுடைய அம்மா பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் வேலை செய்பவர். தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது அவரைப் பார்த்திருக்கிறேன்.

"உங்க அம்மா அப்படியா?"

"இல்ல சார்."

"அப்புறம் ஏன் எழுதுன?"

"எல்லாரும் அப்படித்தானே எழுதுவாங்க. மார்க் வரும்ல?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அதே வாக்கியத்தை நானும் எழுதியவன். மெர்லிமாவ் பக்கத்துத் தோட்டத்தில் விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், செம்பனை உதிரிப்பழம் பொறுக்கிவிட்டு வந்த அம்மாவிடம்தான் அந்தக் கட்டுரையைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். அவர் சமைத்துக்கொண்டே, "நல்லாத்தான் எழுதியிருக்க" என்றார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பழுதான ஒரு பொருளுக்கு அறிக்கை எழுதினேன். காரணம்: ஆபரேட்டரின் கவனக்குறைவு. தீர்வு: மீண்டும் பயிற்சி. மேலதிகாரி திருப்பி அனுப்பிவிட்டார். டொயோட்டாவில் வளர்ந்த 'ஐந்து ஏன்' முறையை அப்போதுதான் கற்றேன். ஆளைக் குற்றம் சொல்லி நிறுத்தக்கூடாது. அவர் ஏன் தவறினார், எது அவரைத் தவறவிட்டது என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பெற்றோரின் அலட்சியம் என்பதும் ஆபரேட்டரின் கவனக்குறைவு போலத்தான். அதோடு விசாரணை முடிந்துவிடுகிறது.

அடுத்த வாரம் வெண்பலகையில் கேட்டோம். அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை? இரவு ஷிப்ட் முடிந்து எட்டு மணிக்குத்தான் வருகிறார். ஏன் இரவு ஷிப்ட், ஏன் ஓவர்டைம்? அடிப்படைச் சம்பளம் போதவில்லை. 2025இல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. வீட்டு வாடகையும் வேன் காசும் போனால் என்ன மிஞ்சும் என்று பிள்ளைகளே கணக்குப் போட்டார்கள்.

பிறகு 1941 கிள்ளான் தோட்டப் போராட்டத்தைப் பற்றிச் சொன்னேன். ஆர்.எச். நாதன் முதலானோர் தலைமையில் தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளர்களுக்கு இணையான சம்பளம், பிள்ளைகளுக்கு முறையான கல்வி, துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை, கள்ளுக்கடைகளை மூடுவது. குடிக்கு எதிராக விழிப்புணர்வு முகாம் கேட்கவில்லை. தோட்டத்துக்குள் இருந்த கடையை மூடச் சொன்னார்கள். யார், எதை மாற்ற வேண்டும் என்பது அதில் இருந்தது.

"அப்புறம் என்ன ஆச்சு சார்?"

நாதனைக் கைது செய்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். ராணுவம் வந்தது, துப்பாக்கிச்சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள்.

"அப்போ அந்தக் கட்டுரை ஃபெயில் சார்" என்றான் பின்வரிசைப் பையன். எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

அந்த மாணவி மறுபடி எழுதினாள். பள்ளிக்கு வராத பிள்ளையின் வீட்டுக்கு அன்று காலை எட்டரைக்குள் வாட்சாப் செய்தி போக வேண்டும் என்பது அவள் தீர்வு. அம்மா தூங்கப் போவதற்குள் பார்த்துவிடுவார். ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே வேலை அதிகம் என்று யாராவது சொல்வார்கள். வகுப்புத் தலைவன் பெயர்களைக் கொடுக்கட்டும், அலுவலகத்தில் அனுப்பட்டும் என்று அதற்கும் பதில் வைத்திருந்தாள். ஒருவரை இணங்கவைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

பள்ளியில் அதற்கு மார்க் குறைந்தது. கருத்து போதவில்லை, பழமொழி இல்லை.

"எஸ்.பி.எம்.ல எதை சார் எழுதுறது?"

இந்த மார்க்கை நம்பித்தான் அவள் மேலே படிக்கப் போகிறாள். என் கொள்கைக்கு அவள் விலை கொடுக்க முடியாது. பழமொழியைச் சேர், மூன்று கருத்தும் எழுது, ஆனால் முதல் கருத்தில் மட்டும் அம்மாவைத் திட்டாதே என்றேன். தலையாட்டினாள்.

என் அம்மா இப்போது என்னோடுதான் இருக்கிறார். அந்தக் கட்டுரையைப் பற்றி இன்னும் அவரிடம் பேசவில்லை.