கயிறு தேயும் இடம்

கலாபகஸ் தீவுகளிலிருந்து மார்க்கெசாஸ் தீவுகளுக்குச் சுமார் 3,000 கடல் மைல். பாய்மரப் படகுக்கு மூன்று வாரப் பயணம். காற்று ஏமாற்றினால் இன்னும் இழுக்கும். நடுவில் ஒதுங்கக் கரையே கிடையாது.

நாங்கள் மூவர் கிளம்புவதாகச் சொன்னதும் ஊரில் எல்லோரும் புயலைப் பற்றித்தான் விசாரித்தார்கள். தென் பசிபிக்கில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். ஆனால் மார்க்கெசாஸ் பக்கம் புயல் வருவதே அபூர்வம். எனக்குப் பயமெல்லாம் நல்ல காற்றிடம்தான். தென்மேற்கே இறங்கி, தென்கிழக்கு வியாபாரக் காற்றைப் பிடித்துவிட்டால் அது நாள்கணக்கில் திசை மாறாமல் வீசும். பாயைத் தொடவே வேண்டியிருக்காது. ஆனால் படகு ஒவ்வோர் அலைக்கும் ஆட, பாய்மர உச்சியிலுள்ள கப்பியில் பாயை ஏற்றும் கயிறு அதே இடத்தில் இரவும் பகலும் உரசிக்கொண்டே இருக்கும். பார்வைக்கு முழுசாக இருக்கிற கயிறு ஒரு நள்ளிரவில் அறுந்து, பாய் தண்ணீரில் விழும்.

அதனால் கலாபகஸின் புவேர்ட்டோ அயோராவில் நங்கூரமிட்டிருந்தபோதே துணி இருக்கையில் உட்கார்ந்து மர உச்சிக்கு ஏறினேன். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பியைப் பழைய பருத்தித் துணியால் சுற்றிப் பிடித்து, மேலிருந்து கீழாக மெதுவாக உருவிக்கொண்டு வர வேண்டும். கண்ணுக்குத் தப்பும் ஓர் இழை அறுந்திருந்தாலும் துணியின் நூல் அதில் மாட்டிக்கொள்ளும். வெறுங்கையால் உருவினால் விரலைக் கிழித்துவிடும். கம்பி இணைப்புகளின் பூட்டு ஊசிகள் ஒவ்வொன்றையும் தொட்டே பார்த்தேன். இந்த வேலையை அவசரமாக முடிப்பவரோடு நான் கடலுக்குப் போகமாட்டேன்.

சாமான் வாங்குவது மற்ற இருவர் பொறுப்பு. முட்டைக்கோஸ், பூசணி, பச்சை வாழைத்தார். கழுவாத, குளிரூட்டாத முட்டை வாரக்கணக்கில் தாங்கும். அவ்வப்போது திருப்பி வைத்தால் போதும். வெங்காயமும் உருளைக்கிழங்கும் தனித்தனிக் கூடையில். அட்டைப் பெட்டிகள் கரையோடு சரி, அவற்றில் கரப்பான் முட்டை இருக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் கருவி இருந்தும், அது இல்லையென்றே வைத்துக்கொண்டு தண்ணீர் நிரப்பினோம்.

கிளம்புவதாக இருந்த காலையில் பாயை ஏற்றும் கயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு மேலுறை பஞ்சாகியிருந்ததைக் கண்டோம். காற்று அருமையாக இருந்தது. போய்க்கொண்டே பார்த்துக்கொள்ளலாம் என்று பேச்சும் எழுந்தது. நான் மறுத்தேன். அந்தப் பகுதியை வெட்டியெறிந்து, முனையை மறுபடி தைத்தோம். உரசும் மற்ற கயிறுகளுக்குப் பழைய தீயணைப்புக் குழாயைப் பிளந்து உறை போட்டோம். நடுக்கடலில் தினமும் காலையில் ஒவ்வொரு கயிற்றையும் நாலு விரல்கடை இழுத்தோ தளர்த்தியோ விட வேண்டும் என்பதைக் காவல் முறை எழுதிய தாளிலேயே முதல் வரியாகச் சேர்த்தோம். நங்கூரம் எடுக்க மறுநாள் மதியம் ஆகிவிட்டது.