பன்னிரண்டு எழுத்து

ஜூலை 8, திங்கள்

நேற்றிரவு தளத்தில் ஏற்றிய 46 பாய்களும் காலையில் பெயரில்லாமல் நிற்கின்றன. கோரைப் பாய், பட்டுப் பாய், கல்யாணப் பாய் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்: வரிசையாகக் கேள்விக்குறிகள். விலை சரி, படம் சரி, தமிழ் மட்டும் இல்லை.

தரவுத்தளத்தைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். அதில் குறையில்லை. பாய் நெய்யும் அக்காவின் மகள் பொறுமையாகத் தட்டச்சு செய்து கொடுத்த விரிதாளை நான் சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்திருக்கிறேன். அந்த வகைக் கோப்பில் தமிழுக்கு இடம் கிடையாது. சேமிக்கும்போதே ஒவ்வொரு எழுத்துக் குறியும் கேள்விக்குறியாகிவிடும், அதற்குப் பிறகு யாராலும் மீட்க முடியாது. மூல விரிதாளை அழிக்காமல் வைத்திருந்தேன். ‘சிஎஸ்வி யுடிஎஃப்-8’ என்று சேமித்து மறுபடி ஏற்றினேன். பத்து நிமிடத்தில் எல்லாப் பெயரும் வந்துவிட்டன.

ஜூலை 12, வெள்ளி

கடை திறந்தாயிற்று. வேர்ட்பிரஸ், அதன்மேல் வூகாமர்ஸ், பணம் வாங்க ஒரு கட்டண நிறுவனத்தின் இணைப்பு.

பத்தமடைப் பாய்க்கு விளம்பரம் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஊர்ப்பெயர் தெரியும், பாய் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. தாமிரபரணிக் கரையில் வளரும் கோரையை அறுத்து, காயவைத்து, மெல்லியதாகக் கீறி, தண்ணீரில் ஊறப்போட்டு, சாயமேற்றி, தரையோடு தரையாகக் கிடக்கும் தறியில் ஒவ்வொரு இழையாகக் கோத்து நெய்கிறார்கள். மிக நுண்ணிய பாயைத் துணி போல மடிக்கலாம். இவ்வளவு வேலையும் பெரும்பாலும் பெண்கள் கையில் நடக்கிறது. விற்கும் இடத்தில் மட்டும் அவர்கள் இருப்பதில்லை. இந்தக் கடையை நான் கட்டித் தர ஒப்புக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

கல்யாணப் பாயில் மணமக்கள் பெயரை நெய்து தருவது வழக்கம். தளத்தில் அதற்கு இரண்டு பெட்டிகள் வைத்தேன். அக்கா ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். “பேரு பன்னெண்டு எழுத்துக்கு மேல போனா கரைக்குள்ள அடங்காது தம்பி. அதைக் கண்டிப்பா போட்டுருங்க.”

பெட்டியின் உச்ச நீளம் 12 என்று எழுதினேன். பாலகிருஷ்ணன், விஜயலட்சுமி என்று நீளமான இரண்டு பெயர்களை அடித்துப் பார்த்தேன். இரண்டும் முழுதாக வந்தன.

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணம் இல்லை என்றாலும் ஆவணிக் கல்யாணத்துக்கான பாய்கள் இப்போதுதான் தறியேறும். ஆறு ஆர்டர்கள் வந்திருக்கின்றன.

கூரியர் ரசீதுகளைப் பார்த்தால் ஒவ்வொரு பாய்க்கும் கையிலிருந்து பணம் போயிருக்கிறது. தளம் ஒன்றரைக் கிலோவுக்கு வாங்குகிறது, கூரியர்க்காரர் நான்கு கிலோவுக்கு வாங்குகிறார். தராசில் வைத்தால் ஒன்றரைக் கிலோகூட இல்லை. கூரியரின் கணக்கு வேறு: நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து வருவதையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம். நாங்கள் அட்டைக் குழாயில் சுற்றி அனுப்பிய சுருள் 125, 12, 12. பெருக்கி வகுத்தால் 3.6 கிலோ. பாய் எடையில்லாத பண்டம். வண்டியில் இடம்தான் பிடிக்கிறது.

பரிமாணத்தைக் கணக்கிடும் நீட்சி ஒன்றை நிறுவ எடுத்தேன். அதற்குள் அக்கா, “குழாய் எதுக்கு? அது இல்லாம இறுக்கிச் சுருட்டினா முழங்கைத் தடிமன்கூட வராது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்து சுருட்டிக் காட்டினார். 125, 8, 8. கணக்கு 1.6 கிலோவாக இறங்கியது. நீட்சியையும் போட்டேன், ஆனால் பணத்தை மிச்சப்படுத்தியது அவர் கைதான்.

ஜூலை 23, செவ்வாய்

இரவு ஒன்பதரைக்கு ஒரு அம்மா போன் செய்தார். மதியம் யுபிஐயில் பணம் கட்டியிருக்கிறார், வங்கியில் கழிந்துவிட்டது, ஆனால் ‘உங்கள் ஆர்டர் ரத்து’ என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. குரலில் கோபமில்லை, பயம் இருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்ற பயம். அதைக் கேட்டதும் எனக்குக் கை நடுங்கியது.

கட்டண நிறுவனத்தின் பக்கத்தில் பணம் வந்ததாக இருக்கிறது. எங்கள் தளத்தில் அதே ஆர்டர் ‘பணம் வரவில்லை, நேரம் முடிந்தது’ என்று ரத்தாகியிருக்கிறது. வூகாமர்ஸ் பணம் வராத ஆர்டருக்காகச் சரக்கைப் பிடித்துவைக்கும் நேரம் மாற்றாவிட்டால் 60 நிமிடம். அது கழிந்ததும் ஆர்டரை ரத்து செய்து சரக்கைக் கடைக்குத் திருப்பிவிடும். ஆலையில் செய்த பொருளுக்கு அது நல்ல விதி. கையால் நெய்த பாய் ஒன்றே ஒன்று. திரும்பி வந்த அந்தப் பாயை மாலையில் இன்னொருவர் வாங்கிவிட்டார். ஒரு பாய்க்கு இரண்டு பேர் பணம் கட்டியிருக்கிறார்கள்.

ஜூலை 24, புதன்

விடிய விடிய சர்வரின் பதிவேட்டை வாசித்தேன். விடை அங்கேதான் இருந்தது.

வாடிக்கையாளர் பணம் கட்டியதும் அந்தச் செய்தி எங்களுக்கு இரண்டு வழியில் வரும். அவரே உலாவிக்குத் திரும்பினால் தளம் அப்போதே சரிபார்த்துக்கொள்ளும். திரும்பாவிட்டால் கட்டண நிறுவனத்தின் சர்வர் எங்கள் சர்வருக்கு நேராகச் சொல்லும். இதற்கு வெப்ஹுக் என்று பெயர். யுபிஐ செயலியில் பச்சை டிக் வந்ததும் போனைக் கீழே வைத்துவிடுகிறவர்களுக்கு இரண்டாம் வழிதான் கதி. அந்த வழி முதல் நாளிலிருந்தே அடைபட்டுக் கிடந்திருக்கிறது. நான் கொடுத்த முகவரியில் முன்னால் வரவேண்டிய ‘டபிள்யூ டபிள்யூ டபிள்யூ’ இல்லை. மனிதர் அப்படி வந்தால் தளம் 301 என்று சொல்லி சரியான முகவரிக்கு அனுப்பிவைக்கும், அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது. வெப்ஹுக் கடிதம் கொண்டுவரும் ஆள் மாதிரி. வாசலில் ‘பக்கத்து வீட்டுக்குப் போ’ என்றதும் கடிதத்தைக் கொடுக்காமலே திரும்பிவிட்டது. பதிவேட்டில் வரிசையாக 301கள். இரண்டு வாரமாகத் தெரியாமல் போனதற்குக் காரணம், மற்றவர்கள் எல்லோரும் உலாவிக்குத் திரும்பியிருந்தார்கள்.

முகவரியைத் திருத்தினேன். பத்து ரூபாய்க்கு ஒரு சோதனைப் பாய் வைத்து, பணம் கட்டியதும் உலாவியை மூடிப் பார்த்தேன். ஆர்டர் ஏறியது. பிடித்துவைக்கும் நேரத்தையும் ஒரு நாளாக்கினேன்.

காலையில் அக்காவே இரண்டு வீட்டுக்கும் போன் செய்தார். முதலில் கட்டியவருக்கே பாய். இரண்டாமவர் அதே நிறத்தில் புதிதாக நெய்து தரச் சொல்லிக் காத்திருக்கச் சம்மதித்தார்.

ஜூலை 30, செவ்வாய்

இன்று நடந்ததை எழுதாமல் தூங்க முடியாது.

காலை எட்டு மணிக்கு அக்கா கூப்பிட்டார். “தம்பி, அந்த ஆவணிக் கல்யாணப் பொண்ணு பேரு என்ன?” ஆர்டரைத் திறந்து வாசித்தேன். தமிழ்ச்செல்வ. வாசித்த பிறகுதான் என் வாயில் வந்ததை நானே கேட்டேன். “அதான் தறியில கெடக்கு” என்றார்.

பஸ் பிடித்துப் போனேன். நேற்று நெய்த இளம்பெண் தறிக்குப் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அரக்கு நிறக் கோரையில் ஒவ்வொரு எழுத்தும் அவ்வளவு திருத்தமாக விழுந்திருந்தது, கடைசி ‘வி’க்கு மட்டும் மேல்விலங்கு இல்லை. ஒரு பகல் முழுக்க நெய்தது. அவள் ஒவ்வொரு இழையாக உருவிக்கொண்டிருந்தாள். உருவிய கோரை ஒரு கைப்பிடி சேர்ந்திருந்தது. நுனி மடிந்த கோரை மறுபடி நெய்ய உதவாது என்றார் அக்கா. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் கூலியை நான் கொடுப்பதாகச் சொன்னதற்கு மட்டும் தலையசைத்தார்.

மணப்பெண்ணின் வீட்டில் கேட்டோம். அழைப்பிதழிலிருந்து பெயரை நகலெடுத்து பெட்டியில் ஒட்டியிருக்கிறார்கள். தமிழ்ச்செல்வி. பெட்டி 12ஐ எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டது.

பள்ளிக்கூடப் பிள்ளையிடம் கேட்டால் த, மி, ழ், ச், செ, ல், வி என்று ஏழு எழுத்து சொல்லும். அக்கா சொன்ன பன்னிரண்டும் இந்த எழுத்துதான். யூனிகோடில் ‘மி’ என்பது ம ஒன்று, மேல்விலங்கு ஒன்று. ‘ழ்’ என்பது ழ ஒன்று, புள்ளி ஒன்று. அப்படிக் கூட்டினால் தமிழ்ச்செல்வி 13. சர்வரில் சேமிக்கும்போது ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 39. ஒரே பெயருக்கு 7, 13, 39 என்று மூன்று நீளம். நான் அன்று சோதித்த பாலகிருஷ்ணன் யூனிகோடில் சரியாக 12. விஜயலட்சுமி 11. இன்னும் ஒரு குறி நீண்ட பெயரைச் சோதித்திருந்தால் அந்தப் பெண்ணின் ஒரு நாள் வீணாகியிருக்காது.

ஜூலை 31, புதன்

தளத்திலிருந்து தறிக்குப் போகும் ஆர்டர் சீட்டில் பெயர் குறையாக இருந்தபோது நெய்த பெண் ஏன் கேட்கவில்லை என்று நேற்று முழுக்க மனதில் உறுத்தியது. இன்று கேட்டேன். அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள்: “சீட்டுல எப்பவுமே கொம்பு இடம் மாறித்தான் வரும். நாங்களே சேத்து வாசிச்சுக்குவோம். இதுவும் அப்படித்தான்னு நெனச்சேன்.”

சீட்டுகளை வாங்கிப் பார்த்தேன். ‘செ’ வரவேண்டிய இடத்தில் எல்லாம் ச முதலிலும் கொம்பு அதன் பின்னாலுமாக நிற்கிறது. கணினிக்குள் ச முதலில், கொம்பு பிறகு என்ற வரிசையில்தான் இருக்கும். திரையில் காட்டும் நிரல் அதை முன்னால் நகர்த்தி வரையவேண்டும். உலாவி அதைச் செய்கிறது. சீட்டை பிடிஎஃப் ஆக்க நான் எடுத்த நிரல் செய்யவில்லை. மூன்று வாரமாக அந்தப் பெண்கள் என் சீட்டைத் திருத்தி வாசித்து வேலை செய்திருக்கிறார்கள். யாரும் குறை சொல்லவில்லை, கணினித் தமிழ் இப்படித்தான் என்று எடுத்துக்கொண்டார்கள். தறியில் விழுந்த பிழைக்கு இதுதான் வேர். தவறான சீட்டுக்குப் பழகியவருக்கு எது புதிய தவறு என்று எப்படித் தெரியும்?

எம்பிடிஎஃப் என்ற நிரலுக்கு மாற்றி, தமிழ் எழுத்துருவில் எழுத்துகளைக் கோக்கும் வசதியை இயக்கினேன். கொம்பு இடத்துக்கு வந்தது. பெயரை இரண்டு அங்குல உயரத்தில் அச்சிடச் செய்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

உச்ச நீளத்தை 36 ஆக்கிவிடுவது சுலபம். ஆனால் அக்காவின் பன்னிரண்டு காற்றில் போய்விடும், அடங்காத பெயர்கள் தறிக்கு வந்து சேரும். அவர் எண்ணுகிறபடி எண்ணவேண்டும்.

தமிழக அரசு 2010இல் யூனிகோடுடன் சேர்த்து தரமாக அறிவித்த டேஸ்-16 இல் ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் உண்டு. அதில் தமிழ்ச்செல்வி ஏழேதான். ஆசையாக இருந்தது, ஆனால் வாங்குகிறவர்களின் போனில் இருப்பது யூனிகோடு. நல்லவேளையாக, பார்வைக்கு ஓரெழுத்தாக நிற்பதை ஒன்றாக எண்ணும் வசதி உலாவியிலும் இருக்கிறது, பிஎச்பியிலும் இருக்கிறது. உச்ச நீளத்தை நீக்கிவிட்டு அதைக் கோத்தேன். பெட்டிக்குக் கீழே ‘12இல் 7’ என்று தெரியும். மீறினால் வெட்டாது, அழைக்கச் சொல்லி போன் எண்ணைக் காட்டும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

அக்கா போனில் பெயர் பெயராக அடித்துச் சோதித்தார். கௌசல்யாவுக்கு ஒருமுறை 4, இன்னொரு முறை 5. பார்க்க இரண்டும் ஒன்றே. இரண்டாவதை அடித்த அவர் மகள் க-வுக்குக் கொம்பு போட்டு, பக்கத்தில் ள எழுதியிருக்கிறாள். பலரும் ‘கௌ’வை இப்படித்தான் அடிக்கிறார்கள். நெய்வதற்கு வேறுபாடில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

பிறகு அவர் நான் நினைக்காத ஒன்றைச் சொன்னார். “எண்ணிக்கை சரி தம்பி. ஆனா ‘ர’ ஒல்லி, ‘ணை’ எவ்வளவு அகலம்! பன்னெண்டுன்னு நான் சொன்னது ஒரு குத்துமதிப்புதான்.” கரையின் அகலத்தைத் திரையில் ஒரு பட்டையாக வரைந்து, அடிக்கும் பெயரை அதற்குள் காட்டும்படி மாற்றிக்கொண்டிருக்கிறேன். எழுத்துரு நெய்யும் எழுத்துக்கு நெருக்கமாக இருக்கவேண்டும். அவர் பழைய பாய் ஒன்றை எடுத்து விரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் எத்தனை இழை என்று சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். பாதி முடிந்திருக்கிறது.

ஆகஸ்ட் 14, புதன்

தமிழ்ச்செல்வியின் பாய் இன்று கிளம்பியது. சுருட்டுவதற்கு முன் நெய்த பெண் அதை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துவந்து, சீட்டைப் பக்கத்தில் வைத்து, பெயரின்மேல் விரலை ஓட்டி எழுத்தெழுத்தாக எண்ணினாள். ஏழு. ‘வி’யின் மேல்விலங்கில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அக்கா குழாயில்லாமல் இறுக்கிச் சுருட்டினார். 125, 8, 8.