பாவு தளர்ந்த குழாய்

ஆடித்தபசு நாட்களில் சங்கரன்கோவில் ரத வீதியில் நீள பலூன் வாங்குவேன். ஊதுவதற்கு அல்ல. இரண்டு முனைகளையும் வெட்டிவிட்டால் எனக்கு ஒரு சிரை கிடைத்துவிடும்.

உடலுக்குள் ஓடும் திரவங்களைக் கணக்கில் பிடிப்பது என் தொழில். அதிலும் அமுங்கும் குழாய்களின் மேல்தான் எனக்குத் தீராத பிரியம். வீட்டு பிளாஸ்டிக் பைப்பில் தண்ணீர் ஓடினாலும் நின்றாலும் பைப் அப்படியே இருக்கும். சிரை அப்படி இல்லை. வெளியழுத்தம் உள்ளழுத்தத்தை மிஞ்சினால் சப்பையாகிவிடும். கையைத் தொங்கப் போடுங்கள், புறங்கையில் நாம் நரம்பு என்று சொல்லும் சிரைகள் புடைக்கும். அதே கையை மெல்ல நெஞ்சுக்கு மேலே தூக்கிக்கொண்டே போனால் ஓர் உயரத்தில் அவை அமுங்கி மறையும். ரத்தம் நின்றுவிடவில்லை, குழாயின் வடிவம்தான் மாறியிருக்கிறது. வடிவம் மாறினால் ஓட்டம் மாறும், ஓட்டம் மாறினால் அழுத்தம் மாறும், அழுத்தம் மாறினால் மறுபடி வடிவம். இதில் எதை முதலில் கணக்கிடுவது? என் தொழிலின் கஷ்டம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

1912இல் லண்டனில் நோல்டனும் ஸ்டார்லிங்கும் இதயத்தை உடலுக்கு வெளியே இயக்கிப் பார்த்தபோது, ரத்த ஓட்டத்துக்குத் தடை கொடுக்க ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கண்ணாடிக் குழாய்க்குள் வைத்துச் சுற்றிலும் காற்றழுத்தம் கொடுத்தார்கள். அதற்கு இன்று ஸ்டார்லிங் தடை என்று பெயர். என் வீட்டுத் திண்ணையில் இருப்பதும் அதுதான். மூடிய பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் பலூன் துண்டு, காற்றடிக்க பிரஷர் பார்க்கும் கருவியின் ரப்பர் பந்து, மேலே ஒரு வாளி, கீழே ஒரு வாளி.

வெளியேறும் குழாயைக் கீழே இறக்கினால் தண்ணீர் கூடுதலாக வர வேண்டும். முதலில் வரும். ஓர் அளவுக்குப் பிறகு எவ்வளவு இறக்கினாலும் ஒரு சொட்டு கூடாது. கீழே நடப்பது மேலே இருக்கும் தண்ணீருக்கு எட்ட வேண்டுமானால், அது குழாய்ச் சுவரின் அலையாக எதிரேறி வர வேண்டும். தண்ணீரின் வேகம் அந்த அலையின் வேகத்தைத் தொட்டுவிட்டால் எதுவும் எதிரேறாது. 1977இல் ஆஷர் ஷாபிரோ இதைக் கணக்காக விரித்து எழுதியதை எத்தனையோ முறை படித்திருக்கிறேன், இன்னும் அலுக்கவில்லை. நாம் பலம்கொண்ட மட்டும் மூச்சை வெளியே தள்ளும்போதும் நடப்பது இதுவே. நெஞ்சை இறுக்க இறுக்க மூச்சுக் குழல்களும் அமுங்குவதால், ஓர் எல்லைக்கு மேல் முயற்சிக்குப் பலன் இல்லை. இளைப்பு உள்ளவர்கள் உதட்டைக் குவித்து மெதுவாக ஊதுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை வரும். குழலுக்குள் அழுத்தத்தைத் தக்கவைத்து, அது அமுங்காமல் காக்கிறார்கள். சமன்பாடு தெரியாமலே சரியான விடை.

என் கணக்கில் நான் செய்த தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். குழாய் சப்பையாகும் இடத்தில் என் நிரல் குறுக்குப் பரப்பை எதிர்மத்துக்குக் கொண்டுபோய் நின்றுவிடும். அதற்காக, பரப்பு இன்ன அளவுக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். நிரல் ஓடியது, வரைபடங்கள் வழுவழுப்பாக வந்தன. அவற்றை நம்பி மாதக்கணக்கில் வேலை செய்தேன். திண்ணையில் பலூனோ சில நிலைகளில் படபடவென்று அடித்துக்கொண்டது. கணக்கில் அந்தத் துடிப்பே இல்லை. சப்பையான குழாயின் வெட்டுத்தோற்றம் உடுக்கை போல இருக்கும். நடுவில் சுவர்கள் ஒட்டிக்கொண்டாலும் இரண்டு ஓரத்திலும் சிறு வழி திறந்திருக்கும். அந்த நிலையில்தான் குழாய் மிக நுட்பமாக நடந்துகொள்கிறது. அந்த இடத்தைத்தான் நான் ஒரே வரியில் அழித்திருந்தேன்.

எதிர் வீட்டு அண்ணாச்சி நாற்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். ஒரு நாள் பலூன் அடிக்கும் சத்தம் கேட்டு வந்து குனிந்து பார்த்தார். "பாவு தளந்து கெடந்தா இப்படித்தாம்ல அடிக்கும். இழுத்துக் கட்டிப் பாரு."

பாவு என்றால் தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டும் நூல். பலூனை இழுத்துக் கட்டினேன். துடிப்பு நின்றது. கொஞ்சம் தளர்த்தினால் வந்தது, இன்னும் தளர்த்தினால் தாளம் மாறியது. என் கணக்கில் குழாய்க்குக் குறுக்குவாட்டு விறைப்பு மட்டும்தான் இருந்தது; நீளவாட்டு இழுவைக்கு இடமே கொடுக்கவில்லை. உடலில் தமனிகள் நீளவாட்டில் இழுபட்ட நிலையிலேயே இருக்கின்றன, வெட்டினால் சுருங்கிப் பின்வாங்கும். சமன்பாட்டில் இழுவைக்கு ஓர் உறுப்பும், குறுகிய இடத்தைத் தாண்டியதும் ஓட்டம் சுவரை விட்டுப் பிரிவதால் இழக்கும் ஆற்றலுக்கு இன்னோர் உறுப்பும் சேர்த்தேன். 1985இல் கான்செல்லியும் பெட்லியும் காட்டிய வழி அது. முன்பே படித்ததுதான். ஆனால் அண்ணாச்சி சொன்ன பிறகுதான் அந்தச் சமன்பாட்டில் இழுவை என்ற எழுத்து என் விரலுக்குத் தட்டுப்பட்டது. பரப்புக்கு வரம்பு கட்டிய வரியை அன்றிரவே நீக்கினேன். பலூன் துடித்த நிலைகளில் கணக்கும் துடித்தது. துடிப்பின் வேகம் மட்டும் இன்னும் ஒத்துவரவில்லை.

காரணம் பலூனைச் சுற்றியிருக்கும் காற்று என்று சந்தேகிக்கிறேன். சிரை காற்றில் தொங்குவதில்லை, சதையில் பதிந்திருக்கிறது. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வி. குமரன் மென்சுவர்க் குழாய்களிலும் கால்வாய்களிலும் ஓடும் திரவத்தைப் பல்லாண்டு ஆராய்ந்து, 2016இல் இன்ஃபோசிஸ் பரிசு பெற்றவர். கெட்டிக் குழாயில், ஓட்டத்தின் வேகத்தோடு ஏறும் ரெனால்ட்ஸ் எண் 2000ஐ ஒட்டி வரும் கொந்தளிப்பு, சுவர் மெத்தென்று இருந்தால் அதைவிட வெகு குறைந்த எண்ணிலேயே வந்துவிடுகிறது என்று அவருடைய குழு காட்டியது. அவர்கள் சுவருக்குப் பயன்படுத்தியது கூழ் போன்ற பொருள்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். கடல்பாசி காய்ச்சி ஊற்றினால் என்ன என்று கேட்டார். கடையில் இரண்டு பாக்கெட் வாங்கி வந்திருக்கிறேன். இந்த முறை பலூனை முதலிலேயே இழுத்துக் கட்டிவிட்டு, அதன் பிறகுதான் டப்பாவில் ஊற்றப் போகிறேன்.