ஒட்டின் ஓரத்து வெடிப்பு

உழவு மெசினின் அச்சு ஒன்றை ஒட்டியெடுத்து, மறுநாளோ அதற்கடுத்த நாளோ அது ஒட்டின் ஓரமாகவே வெடித்துவிட்டால், 'ஒட்டு நல்லாத்தான் நிக்குது, இரும்புதான் பழசு' என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது எளிது. கல்முனை, நிந்தவூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றின் மேலும் பழி போகும். பல வேளைகளில் குற்றவாளி வெல்டிங் குச்சியில் இருந்த ஈரம்தான் என்பது என் துணிபு. குச்சியின் மேற்பூச்சு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சக்கூடியது. பெரும்போக விதைப்பும் மாரி மழையும் நம் பக்கத்தில் ஒன்றாகவே வருகின்றன. மெசினுக்கு வேலை கூடும் அதே நாட்களில்தான் திறந்து கிடக்கும் குச்சிப் பெட்டியும் ஈரம் பிடிக்கிறது. மின்வில்லின் சூட்டில் அந்த நீர் பிரிந்து ஐதரசன் வெளிப்பட, தேத்தண்ணியில் சீனி கரைவதுபோல் அது உருகிய இரும்பில் கரைந்துவிடும். குமிழி எதுவும் தெரியாது. இரும்பு இறுகிய பின்னும் தனித்தனி அணுக்களாக இரும்பணுக்களின் இடைவெளிகளில் அமர்ந்துகொள்ளும். இதுவே திண்மக் கரைசல். உருகிய இரும்பு ஏற்ற அளவை ஆறிய இரும்பால் தாங்க முடியாது. மிஞ்சிய அணுக்கள் மெல்ல நகர்ந்து, சட்டென்று ஆறிக் கடினப்பட்ட ஒட்டோரத்தில், இழுவிசை கூடிய இடத்தில் சேர்கின்றன. இதற்கு மணித்தியாலங்கள் ஆகும், சில வேளை இரண்டு நாள்கூட ஆகும். ஒட்டிய அன்று வெடிக்கவில்லை என்பது ஆகவே எதற்கும் அத்தாட்சி ஆகாது.

வாயு உலோகத்துக்குள் கரையுமா என்று ஐயப்படுவோர் உண்டு. பல்லேடியம் தன் கனவளவைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு ஐதரசனை உள்வாங்குவதை இரசாயனவியலாளர் தோமஸ் கிரகாம் 1866இல் காட்டினார். அமிலத்தில் தோய்த்த இரும்பு எளிதில் முறிவதையும், முறிந்த முகத்தை நனைத்தால் குமிழிகள் எழுவதையும், நாட்பட அந்த நொய்மை நீங்குவதையும் 1875இல் ஜோன்சன் என்பவர் எழுதினார். நீங்கிவிடுகிறது என்பதுதான் முக்கியம்: இரும்பு பழசானதால் வந்த நொய்மை திரும்பிப் போகாது.

ஈரக் குச்சியால் ஒட்டிய கேற்றுகள் வருடக்கணக்கில் நிற்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். மெல்லிய மென்னுருக்கு ஆறும்போது கடினப்படுவதில்லை, ஐதரசனும் எளிதாக வெளியேறிவிடும். அதற்குச் சாதாரண 6013 குச்சி போதும். அச்சு தடித்தது, காபன் கூடியது. அதை முன்கூட்டியே சூடாக்கி, 300 முதல் 350 பாகை செல்சியஸில் உலர்த்திய, ஐதரசன் குறைந்த வகையான 7018 குச்சியால் ஒட்டவேண்டும். (6013ஐ அந்தச் சூட்டில் வைத்தால் பூச்சே கெட்டுவிடும்.) சின்னப் பட்டறைக்கு உலர்த்தும் அடுப்பு செலவுதான், விதைப்பு நேரத்தில் மெசின் வயலில் படுத்தால் வரும் நட்டம் அதைவிடப் பெரிது. அச்சை ஒட்டக் கொடுப்பவர்கள் கூலி பேசுமுன் குச்சியை உலர்த்தினார்களா என்று கேளுங்கள். இரண்டு நாள் பொறுத்து, ஒட்டோரத்தை நன்றாகப் பார்த்த பிறகே மெசினை வயலில் இறக்குங்கள்.