பலாலியிலிருந்து பறந்தவர்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, காங்கேசன்துறைக்குக் கிழக்கே, செம்மண் பூமியின் நடுவில் அமைந்த சிற்றூர் பலாலி. வெங்காயமும் புகையிலையும் மரவள்ளியும் விளையும் தோட்டங்கள், வானளாவிய பனைகள், வடக்கே கூப்பிடு தூரத்திற் கடல் என இவையே அவ்வூரின் பழைய செல்வங்கள். இன்றோ பலாலி என்றதும் எவருக்கும் முதலில் நினைவுக்கு வருவது விமான நிலையமே. அங்கிருந்து வானில் ஏறிய பிரயாணிகளின் அனுபவம் முக்கால் நூற்றாண்டுக் காலத்தில் எவ்வாறெல்லாம் மாறி வந்தது என்பதைச் சிறிது ஆராய்வோம். அது விமானங்களின் வரலாறு மாத்திரமன்று. குடாநாட்டு மக்களின் வரலாறும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கிறது.

முதலில் வாசகர்கள் தேசப்படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்தல் வேண்டும். பலாலியிலிருந்து கொழும்பை அடுத்த இரத்மலானை, பறவை பறக்கும் வழியில், ஏறத்தாழ 330 கிலோமீற்றர். சென்னை மீனம்பாக்கம் ஏறத்தாழ 355 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளியோ 185 கிலோமீற்றருக்குள் அடங்கிவிடுகிறது. ஆதலின் யாழ்ப்பாணத்தானுக்குக் கொழும்பும் சென்னையும் ஏறக்குறைய ஒரே தூரம். திருச்சி அவற்றினும் பாதித் தூரம். நம் முன்னோர் பாய்க்கப்பலேறி வேதாரணியத்துக்கும் நாகபட்டினத்துக்கும் சென்று, சிதம்பர தரிசனம் முடித்து மீண்டனர். விமானம் வந்தபோது அந்தப் பழைய கடற்பாதைக்கு மேலே ஒரு புதிய பாதை திறந்தது என்றே கொள்ளல் வேண்டும்.

டக்கோட்டாக் காலம்

பலாலித் தளத்தை அமைத்தவர் இரண்டாம் உலக யுத்தக் காலத்துப் பிரித்தானிய ஆகாயப் படையினர். யுத்தம் முடிந்தபின் அது பிரயாணிகளுக்குப் பயன்படலாயிற்று. 1947ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி, எயார் சிலோன் நிறுவனத்தின் முதலாவது சேவை ஆரம்பமாயிற்று. 'சீதாதேவி' என்னும் பெயர் பூண்ட டக்கோட்டா விமானம் இரத்மலானையிற் புறப்பட்டுக் காங்கேசன்துறை வழியாகச் சென்னை சென்றது. காங்கேசன்துறை என்று அக்காலத்திற் சொல்லப்பட்டது இந்தப் பலாலித் தளமே. இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதங்கூட இல்லாத அந்நாளில், நாட்டின் விமான சேவை தன் முதற் பயணத்திலேயே யாழ்ப்பாண மண்ணைத் தொட்டது என்பது நாம் மறக்கத் தகாத செய்தி.

டக்கோட்டாவில் ஏறுவதே ஒரு தனி அனுபவம். அதன் வால் நிலத்தைத் தொட்டவாறும் மூக்கு வானை நோக்கியவாறும் நிற்கும். பின்புறக் கதவால் உள்ளே புகுந்தவர் குன்றின் மேல் ஏறுவதுபோல ஆசன வரிசைகளுக்கிடையே ஏறிச் செல்லல் வேண்டும். முப்பது பேருக்கு மேல் இடமில்லை. விமானத்தின் உள்ளே காற்றழுத்தத்தைச் சமன்செய்யும் வசதி அதற்கு இல்லாமையால், மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் காது அடைத்துக்கொள்ளும். உமிழ்நீரை விழுங்கினால் அடைப்பு நீங்கும் என்பதற்காகவே பணிப்பெண்கள் இனிப்புகளை வழங்குவர். மேகங்களுக்கு மேலே எழும் வல்லமையும் அதற்குக் குறைவு. மழைக்காலத்தில் மேகத்தினூடே குலுங்கிக் குலுங்கியே செல்லும். ஆசனத்தின் முன்னே செருகியிருந்த காகிதப் பைக்கு அன்று நிறைந்த வேலை இருந்தது.

எம் தந்தையார் 1960களின் இறுதியில் அரசாங்கப் பணியின் நிமித்தம் ஒருமுறை கொழும்புக்கு விமானத்திற் சென்றவர். அப்பயணத்துக்கென்றே சப்பாத்து வாங்கினாராம். வழியனுப்புவதற்கு வீட்டாரும் அயலாருமாகப் பன்னிரண்டு பேர் இரண்டு வாடகைக் கார்களிற் சென்று, வேலிக்கு வெளியே நின்று, விமானம் கண்ணுக்கு மறையும்வரை கையசைத்தனராம். யாழ்தேவி புகைவண்டி 1956ஆம் ஆண்டிலேயே ஓடத் தொடங்கிவிட்டமையால் சாதாரண மக்களுக்கு அதுவே வாகனம். விமானம் உத்தியோகத்தருக்கும் வைத்தியருக்கும் வழக்கறிஞருக்கும் வணிகருக்கும் உரியது. பிரயாணச் சீட்டின் அடிக்கட்டையைத் தந்தையார் தம் சான்றிதழ்களோடு சேர்த்து நெடுங்காலம் பாதுகாத்து வைத்திருந்தார்.

1964ஆம் ஆண்டில் 'அவ்ரோ 748' என்னும் விமானமும் எயார் சிலோனுக்கு வந்து சேர்ந்தது. உள்ளே காற்றழுத்தம் சமன்செய்யப்பட்டிருந்தமையாற் காதடைப்புக் குறைந்தது. இக்காலத்தே பலாலிக்கும் திருச்சிராப்பள்ளிக்குமிடையே பறந்து சென்றோரும் உளர். காலையிற் கீரிமலையில் நீராடியவர் மாலையிற் சீரங்கத்தைச் சேவிக்கலாம் என்பது அன்று வெறுங் கற்பனையன்று.

உலகம் நடந்த வழி

இதற்கிடையே உலகின் ஆகாயப் பயணம் எவ்வளவோ மாறிவிட்டது. 1952இல் 'கொமெற்' என்னும் ஜெற் விமானம் பிரயாணிகளை ஏற்றத் தொடங்கியது. 1958இல் போயிங் 707உம், 1970இல் நானூறு பேர்வரை ஏற்றும் போயிங் 747உம் வந்தன. இடம் பெருகக் கட்டணம் குறைந்தது. கட்டணம் குறையக் கூட்டம் பெருகியது. 1970களில் விமானக் கடத்தல்கள் மலிந்தபடியாற் பிரயாணிகளையும் பைகளையும் சோதிக்கும் வழக்கம் எங்கும் பரவியது. ஆசனங்களிலே புகை பிடிக்கும் வழக்கம் 1990களில் ஒழிந்தது. 2008இல் உலக விமான நிறுவனங்களின் சங்கம் காகிதச் சீட்டுக்கே விடைகொடுத்தது. பெரும்பாலான நாடுகளில் இம்மாற்றத்தை ஒரு வாக்கியத்திற் சொல்லிவிடலாம்: சிலருடைய பெருமையாயிருந்தது பலருடைய வசதியாயிற்று.

யாழ்ப்பாணத்தின் கதை அவ்வழியே செல்லவில்லை. இங்கே இடையில் ஓர் இருண்ட அத்தியாயம் உண்டு.

அனுமதிப் பத்திரக் காலம்

1978ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆந் திகதி, பலாலியிலிருந்து இரத்மலானை சேர்ந்து பிரயாணிகளை இறக்கிவிட்டு நின்ற அவ்ரோ விமானம் குண்டினால் அழிந்தது. அடுத்த ஆண்டில் எயார் சிலோனின் இடத்தை எயார் லங்கா பெற்றது. 1983இன் பின் யுத்தம் மூண்டது. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் பலாலி, மயிலிட்டி, வசாவிளான் முதலாய வலிகாமம் வடக்கு ஊர்களின் மக்கள் வீடு வாசலை விட்டு வெளியேறினர். தளத்தைச் சூழ்ந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதே ஆண்டிற் புகைவண்டியும் நின்றது. கிளாலிக் கடனீரேரியை இரவிற் படகேறிக் கடந்தவர்களுக்கு விமானம் என்பது குண்டு வீசும் பொருளாகவே தெரிந்தது.

பின்னர் 1998இல் தனியார் விமானங்கள் பலாலிக்கும் இரத்மலானைக்குமிடையே பறந்தன. அவ்வாண்டு செப்டெம்பர் 29ஆந் திகதி பலாலியிலிருந்து கிளம்பிய அன்ரனோவ் விமானம் ஒன்று மன்னார்க் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 55 பேரும் மாண்டனர். அதன் சிதைவுகள் இரணைதீவுக்கு அண்மையிற் கடலடியிற் கண்டறியப்பட்டது 2012ஆம் ஆண்டிலேதான். வழியனுப்பிவிட்டு வந்தவர்கள் பதினான்கு ஆண்டுகள் ஒரு தடயமுமின்றிக் காத்திருந்தனர்.

2002 ஏப்பிரலிற் கண்டி வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடியும் மூடியது. அதன்பின் குடாநாட்டைவிட்டு வெளியேறக் கப்பலும் விமானமுமே கதியாயின. இக்காலத்தை நாமே கண்டோம். 2007ஆம் ஆண்டில் ஒரு நேர்முகப் பரீட்சைக்காக நாம் கொழும்பு செல்ல நேர்ந்தது. 'கிளியரன்ஸ்' என்று எல்லாரும் சொல்லிய அனுமதிப் பத்திரம் கைக்கு வந்த பின்னரே சீட்டைப்பற்றிச் சிந்திக்கலாம். விடியுமுன் வரிசையில் நின்றோம். பைகள் ஓரிடத்தில் அவிழ்க்கப்பட்டன. பின் வேறோரிடத்தில் மீண்டும் அவிழ்க்கப்பட்டன. கொழும்பிலிருந்த தமக்கையாருக்கென்று அன்னையார் கட்டித்தந்த எள்ளுப்பாகு உருண்டைகள் ஒவ்வொன்றும் பிளந்து பார்க்கப்பட்டன. தளத்துக்குச் சென்ற பேருந்தின் யன்னற் சீலைகள் மூடியிருந்தன. எவ்வூரினூடாகச் செல்கிறோம் என்பதைக் குலுக்கத்தைக்கொண்டு ஊகித்தோம். பறந்த நேரம் ஏறக்குறைய ஒரு மணி. காத்திருந்த நேரம் ஒரு பகல்.

உடன் வந்தவர்களிற் பெருமைக்காகப் பறந்தவர் எவரும் இலர். சத்திரசிகிச்சைக்குச் செல்லும் முதியவர், வெளிநாட்டு மணமகனை நாடிச் செல்லும் பெண், பரீட்சைக்குச் செல்லும் பிள்ளை என இத்தகையோரே ஆசனங்களை நிரப்பியிருந்தனர். தந்தையார் காலத்தில் விமானச் சீட்டு அந்தஸ்தின் அடையாளம். எமது காலத்தில் அது வெளியேறும் வாயில். வழியனுப்ப வந்தோர் வேலியோரம் நின்று கையசைக்கவும் இயலாது; பட்டணத்துத் தெருவிலேயே விடைபெற்றுத் திரும்பினர்.

மீண்டும் கடலுக்கு அப்பால்

யுத்தம் 2009இல் முடிந்தது. 2019ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி பலாலி, 'யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம்' என்னும் பெயருடன் திறக்கப்பட்டது. அன்று சென்னையிலிருந்து அலையன்ஸ் எயார் விமானம் வந்து இறங்கியது. சில மாதங்களிற் கொள்ளைநோய் பரவ, 2020 மார்ச்சிற் சேவை நின்றது; 2022 டிசம்பர் 12இல் மறுபடியும் தொடங்கியது. 2024 செப்டெம்பரில் இன்டிகோ நிறுவனமும் சென்னையிலிருந்து பறக்கலாயிற்று. 2025 மார்ச் 30இல் அந்நிறுவனத்தின் திருச்சிச் சேவையும் ஆரம்பித்தது.

இவ்வழியிற் பறப்பது ஏ.ரி.ஆர். 72 என்னும் விமானம். எழுபது பேருக்கு மேல் ஏறலாம். டக்கோட்டாவைப் போலவே இதற்கும் இரண்டு சுழல்விசிறிகள். பிரயாணிகள் ஏறுவதும் டக்கோட்டாவிற் போலவே பின்புறக் கதவால். ஆயினும் தளம் சமமானது. காதடைப்பு மிகக் குறைவு. வேகம் மணிக்கு 500 கிலோமீற்றர் அளவு. இனிப்புத் தட்டு இல்லை. வேண்டுவோர் பணங்கொடுத்துத் தின்பண்டம் வாங்கலாம். சீட்டு என்பது கைத்தொலைபேசியில் ஒளிரும் ஒரு கட்டம். நூறு மில்லிலீற்றருக்கு மேற்பட்ட நல்லெண்ணெய்ப் போத்தலைக் கைப்பையிற் கொண்டுபோக முடியாது என்பதை அறியாத சிலர் வாயிலில் நின்று வருந்துவதைக் காணலாம். சப்பாத்துக்கு இப்போது அவசியமில்லை, செருப்புடனேயே வருகின்றனர். கலியாணச் சேலை எடுக்கச் சென்னை செல்வோர், வைத்தியசாலைக்குச் செல்வோர், தலயாத்திரை செய்வோர், ரொறொன்ரோவிலும் இலண்டனிலுமிருந்து சென்னை வழியே ஊர்வருவோர் என எல்லாரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர்.

2025ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் ஒரு கருத்தரங்கின் பொருட்டு நாம் இவ்வழியே திருச்சி சென்றோம். யன்னலோர ஆசனம் எமக்குரியதாயிருந்தது. அருகே வந்தமர்ந்த எழுபது வயது மதிக்கத்தக்க அம்மையார், "தம்பி, குறை நினையாதேங்கோ, அந்த யன்னல் சீற்றை எனக்கு விடுவியளோ?" என்று கேட்டார். மாறி அமர்ந்தோம். இவ்விமானத்தின் இறக்கைகள் யன்னல்களுக்கு மேலே அமைந்திருப்பதனாற் கீழேயுள்ள நிலம் மறைவின்றித் தெரியும். விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்ததும் அம்மையார் நெற்றியைக் கண்ணாடியோடு சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அந்தா, கூரையில்லாத சுவர் ஒண்டு தெரியுதே? அதுக்கு அங்கால ரெண்டு பனை. அதுதான் எங்கட வளவு. தொண்ணூறிலை வெளிக்கிட்டனாங்கள்; திரும்பக் கால் வைக்கேல்லை. மகளைப் பாக்கப் போறன் எண்டு எல்லாரும் நினைக்கினம். அதுவும் உண்மைதான், தம்பி. ஆனா இந்த ரெண்டு நிமிசத்துக்காகத்தான் திருச்சியாலை போறன்."

பனைகள் மறைந்தன, கடல் வந்தது. அம்மையார் கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்கவில்லை. நாமும் பேச்சுக் கொடுக்கவில்லை.

வலிகாமம் வடக்கில் ஒரு பகுதி நிலம் சிறிது சிறிதாக உரியவர்களிடம் திரும்பியுள்ளது. எஞ்சியதற்காக இன்னும் பலர் காத்திருக்கின்றனர். விமான நிலையம் வளரல் வேண்டும், பெரிய விமானங்கள் இறங்க ஓடுபாதை நீளல் வேண்டும் என்று விரும்புவோரும் நம்மவரே. தோட்டத்தையும் கிணற்றையும் கோயிலையும் மீட்டுத் தருக என்று கேட்போரும் நம்மவரே. இவ்விரு விருப்பங்களும் ஒன்றையொன்று பகைக்க வேண்டியதில்லை. நிலையத்துக்கு மெய்யாக வேண்டிய நிலம் எவ்வளவு என்பதை அளந்து, அதனை உறுதி வைத்திருப்போருக்கு முன்னே வெளிப்படையாக வைத்து, எடுப்பதற்கு நியாயமான ஈடு கொடுத்து, வேண்டாததைத் திருப்பிக் கொடுத்தால் இரண்டும் கைகூடும். காலந் தாழ்ந்தால் அளப்பதற்கு நிலம் இருக்கும். எல்லையைக் காட்டுவதற்கு முதியோர் இருக்க மாட்டார்.

வெளிநாடுகளிலிருந்து விடுமுறைக்கு வரும் நம் பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறோம். பலாலியை அணுகும்போது கைத்தொலைபேசியைச் சற்றே வைத்துவிட்டுக் கீழே பாருங்கள். கூரையற்ற சுவர்களும், பற்றை மூடிய வளவுகளும், அவற்றை அடுத்துப் புதிதாகக் கொத்தப்பட்ட செம்மண் தோட்டங்களும் தெரியும். பக்கத்தில் ஒரு முதியவர் இருந்தால், யன்னலோர ஆசனத்தை அவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் காட்டும் திசையிற் பாருங்கள்.