பெயர் தெரியாத பொருள்

வீட்டில் எது சிந்தினாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவு என்பது நாம் தாய்மடியில் கற்ற பாடம். அது எப்போதும் பொருந்தாது என்பதை விழிஞ்ஞத்தில், என் பெரியம்மா வீட்டு முற்றத்தில் அறிந்தேன்.

2025 மே மாதம் விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட 'எம்.எஸ்.சி. எல்சா 3' என்னும் கப்பல், 24ஆம் நாள் சாய்ந்து மறுநாள் மூழ்கிற்று. அதிலிருந்த 24 பேரும் உயிர் தப்பினர். அதன் பெட்டகங்களுள் 13இல் அபாயச் சரக்கு. அவற்றுள் 12இல் கால்சியம் கார்பைடு. சில நாட்களில் திருவனந்தபுரம் கரையில் வெண்மணிகள் ஒதுங்கின. தம்பி ஒரு பை நிறைய அள்ளிவந்து முற்றத்தில் கொட்டிவிட்டான்.

பெரியம்மா குடத்தைத் தூக்கினார்.

"வேண்டாம் பெரியம்மா, ஊற்றாதீர்கள்!" என்று கத்தினேன்.

"வெள்ளம் ஊத்தாம பின்ன என்ன செய்ய மக்களே?"

கார்பைடில் நீர் பட்டால் அசெட்டிலின் வாயு எழும். ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அந்த அச்சமே என்னைக் கத்த வைத்தது. ஆனால் கார்பைடு சாம்பல் நிறக் கட்டி. இவையோ பிளாஸ்டிக் மணிகள். தீப்பிடிக்குமென்ற அச்சம் நீங்கியது. ஆயினும் கழுவியிருந்தால் ஓடை வழியே கடலுக்கே திரும்பியிருக்கும். பெரியப்பா வலைவீசும் கடலில் மீன்கள் அவற்றை இரையென்று விழுங்கும்.

உலர்ந்தபடியே கூட்டி, பையில் கட்டி, கரையைத் துப்புரவு செய்தவர்களிடம் ஒப்படைத்தோம். பிறகு கைகளை மட்டும் சோப்பிட்டுக் கழுவினோம்.

நண்பர்களே, பெயர் தெரியாத பொருள் வீட்டில் சிந்தினால் முதலில் விலகி நில்லுங்கள். அது இன்னதென்று கேட்டறியுங்கள். குடம் சற்றே காத்திருக்கட்டும்.